செங்கோடன் நெஞ்சுக்குள் குடிவந்த ஒறம்பரை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், அந்த நாற்காலியையும் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இது எட்டி உட்கார்ந்து கேட்கிற கதை இல்லை. ஒரு பொம்பளை தன் புருசன் நெஞ்சில் காதை ஒட்ட வைத்த இடத்தில் தொடங்குகிற கதை.

கருக்கம்பாளையத்துத் தறிச்சந்தில் வீட்டுக்கு நாலு தறி, தறிக்கு ஒரு நாடா, குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற அந்த நாடா இந்தப் பக்கம் ஓர் அடி அந்தப் பக்கம் ஓர் அடி என்று விடிந்ததிலிருந்து காதடைக்க அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே பிறக்கிற குழந்தை அம்மா என்று சொல்வதற்கு முன்னால் கையைக் காட்டிப் பேசும், கட்டிக்கொண்டு வருகிற பெண் மூன்றாம் மாசத்துக்குள் புருசன் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள், சண்டை என்றால்கூட ஒருத்தர் முகத்துக்கு நேரே ஒருத்தர் நின்று வாயைத் தெளிவாக அசைத்துத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தில்தான் செங்கோடனும் பாவாயியும் இருந்தார்கள். அவன் தறி ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவுக்குள் போடுகிற தாரில் நூல் சுற்ற, இருபத்திரண்டு வருசம் போயிற்று. பிள்ளை இல்லை. செங்கோடனுக்கு நூல் மாதிரி உடம்பு, நூல் மாதிரி குரல். சத்தமாகப் பேசத் தெரியாதவன் தறிச்சந்தில் இருந்தால் அவன் சொல்வது யாருக்குக் கேட்கும்? ஒரு டீ வேண்டும் என்றால்கூட மூன்று தடவை சொல்வான். டீக்கடை ராக்கியண்ணன் நாலாவது தடவை பாவாயியைப் பார்த்து, "ஏம்மிணி, இவரு என்ன கேக்கறாரு?" என்பான்.

மாசத்துக்கு ஒரு நாள் லைன் வேலை என்று காலை ஒன்பதிலிருந்து ஐந்து மணிவரை கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு மட்டும் சந்தில் காக்கா கத்துவது கேட்கும், குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்கும், சனங்கள் தங்கள் குரலையே புதுசாகக் கேட்டுக் கூச்சப்பட்டுக்கொண்டு பேசுவார்கள். அப்படியொரு நாளில், சித்திரை மாசம், செங்கோடன் கட்டிலில் மல்லாந்து கிடக்க, பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாவாயிக்கு எங்கேயோ சேவல் கூவுவது கேட்டது. சந்தில் யாரும் சேவல் வளர்க்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வாசலில் கேட்டாள், கொல்லையில் கேட்டாள், கடைசியில் புருசன் பக்கம் குனிந்து, அவன் வலது நெஞ்சில், காரை எலும்புக்குக் கீழே காதை வைத்தாள். உள்ளே சேவல் கூவிற்று. யாரோ மண்வெட்டியால் கொத்தினார்கள். ராட்டினம் கிறீச்சிட ஒருத்தி தண்ணீர் சேந்தினாள். "அடேய், அந்தச் சொவத்த இன்னும் ரெண்டடி தள்ளிப் போடறா, நெம்பப் பேரு வர்றாங்க" என்று வயசான குரல் ஒன்று சொல்லிற்று.

"ஏனுங்க, உங்க நெஞ்சுக்குள்ள ஊரு கட்டறாங்க" என்றாள் பாவாயி.

"அதான் ஒரு மாசமா இருமலாட்டம் இருக்குது" என்றான் செங்கோடன்.

பொழுது சாய்வதற்குள் சந்தே வந்துவிட்டது. ஒவ்வொருத்தராகக் குனிந்து காதை வைத்தார்கள். ராக்கியண்ணன் கேட்டுவிட்டு, "குடிதண்ணிக்கு என்ன பண்றாங்க?" என்று கவலைப்பட்டான். தறிமுதலாளி கேட்டுவிட்டு, உள்ளே ஆள் மிச்சம் இருந்தால் இரண்டு பேரை வேலைக்கு அனுப்பச் சொல்லு என்றார். எதிர்வீட்டு மாரக்காள், நாலு வீட்டுச் சண்டையைத் தீர்க்கிற பொம்பளை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: "அவங்க எந்தூரோ, என்ன கஷ்டமோ. வந்தவங்க வந்துட்டாங்க. நம்ம சந்துக்கு வந்தவங்க நமக்கு ஒறம்பரை."

அந்தப் பக்கத்தில் ஒறம்பரை என்றால் லேசில்லை. விருந்தாளி, சொந்தம், வந்து தங்குகிற சனம் எல்லாத்துக்கும் அந்த ஒரே சொல்தான். ஒறம்பரை வந்த வீட்டில் கோழி தப்பாது, பாய் சுருட்டாது, எப்போது போகிறீர்கள் என்று கேட்ட வாய் ஏழு தலைமுறைக்கும் பேச்சு வாங்கும். அதனால் அதற்குப்பின் ஒவ்வொரு கரண்டு இல்லாத நாளிலும் சந்துச் சனம் செங்கோடன் வீட்டில் கூடிற்று. பொரிகடலை கொண்டுவந்தார்கள், செங்கோடனைக் கட்டிலில் நடுவாகப் படுக்க வைத்தார்கள், பொம்பளைகள் உள்ளே கேட்கிற தாலாட்டைக் கேட்டு அதே மெட்டில் தங்கள் பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள், தரகர் ஒருத்தர் உள்ளே கல்யாண வயசில் யாரும் உண்டா என்று நெஞ்சருகே கத்திக் கேட்டார், கணக்கெடுக்க வந்த வாத்தியார் செங்கோடன் வீட்டில் ஆள் எத்தனை என்று எழுத முடியாமல் அரை நாள் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். செங்கோடன் இருமினால் பிள்ளைகள், "பஸ்ஸு கெளம்பிருச்சு, வெளியூரு போறவங்கெல்லாம் ஏறிக்குங்க!" என்று கைதட்டும். இருபத்திரண்டு வருசம் யாருக்கும் கேட்காத மனுசனுக்குப் பக்கத்தில் இப்போது ஊரே காதை வைத்துக்கொண்டு நின்றது. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பாவாயிகூட முதலில் அதைப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

ஆனால் அவள் தார் சுற்றுகிறவள். நூற்கண்டில் நூல் குறைவது மற்றவர்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். செங்கோடன் அரைஞாண் கயிறு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்ததை அவள்தான் பார்த்தாள். பொழுது சாய்ந்தால் உடம்பு கொதித்தது, விடியக்கருக்கலில் தலையணை நனைந்து கிடந்தது, ஒரு படி அரிசிச் சோறு தின்றவன் ஒரு கரண்டியோடு கையைக் கழுவினான். உள்ளே ஊர் பெருகப் பெருக வெளியே ஆள் சிறுத்துக்கொண்டே வந்தான்.

அவனைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அங்கே ரோசலின் நர்சம்மா, பத்து வருசமாக இருமுகிறவர்களையே பார்த்துவருகிறவர், குழாயை நெஞ்சில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார்.

"ம்ம். சந்தை கூடுற அளவுக்கு வந்துட்டாங்க" என்றார். சளியை வாங்கிப் பார்த்து, படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் உட்கார வைத்தார். "இது டி.பி. எவனோ பக்கத்துல நின்னு இருமுனப்ப, கண்ணுக்குத் தெரியாம காத்துல வந்து நாலு பேரு எறங்கியிருக்காங்க. நெஞ்சு மேடான எடம், நல்ல காத்து. பொறுமையாத்தான் பெருகுவாங்க, அவசரமே கிடையாது அவங்களுக்கு."

"அவங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுங்களே சிஸ்டர்" என்றான் செங்கோடன். நர்சம்மாவுக்குக் கேட்கவில்லை. பாவாயி எடுத்துச் சொன்னாள்.

"இருக்க மாட்டாங்களேப்பா. அவங்க தின்னுறது உன் நுரையீரலை. உன் ஒடம்பு சும்மா இருக்குமா? காவல்காரங்களை அனுப்புது. காவல்காரன் அவங்களைச் சுத்தி நின்னு மதில் கட்டுறான். மதிலுக்குள்ள அடிதடி. சண்டை உன் வீட்டுக்குள்ள நடந்தா ஒடையுறது யாரு பானை? உள்ளுக்குள்ள சதையெல்லாம் திரிஞ்ச பாலாட்டம் கட்டிகட்டியாப் போகும். ஒரு நாள் மதில் இடிஞ்சா அவ்வளவும் மூச்சுக்கொழாயில ஊத்தும், அந்த எடம் பொந்தாயிரும். பொந்துக்குள்ள ஒரு ரத்தக்கொழாய் அறுந்துச்சுன்னா..." நர்சம்மா செங்கோடனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "காய்ச்சல் வர்றது, எளைக்கிறது, எல்லாம் அந்தச் சண்டையோட வெக்கைதான். தினம் மூணு மாத்திரை. ஆறு மாசம். ஒரு நாள் விடக் கூடாது. மூத்திரம் செவப்பாப் போகும், பயப்படாதீங்க, மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம்." அதோடு பாவாயிக்கும் சோதனை பண்ணினார். நோய் இல்லை. ஆனாலும், "கூடவே இருக்க, உன் நெஞ்சுலயும் ஒண்ணு ரெண்டு எறங்கித் தூங்கிக்கிட்டிருக்கலாம். எந்திரிக்கறதுக்கு முந்தியே பாத்துக்கணும்" என்று அவளுக்கும் மாத்திரை தந்தார்.

இரண்டு மாசம் ஒழுங்காக விழுங்கினான் செங்கோடன். காய்ச்சல் நின்றது, சோறு இறங்கிற்று, அரைஞாண் கயிறு ஒரு விரற்கடை ஏறிற்று. கரண்டு இல்லாத நாளில் சந்து வந்து காதை வைத்தால் உள்ளே ஒன்றும் இல்லை. சேவல் இல்லை, ராட்டினம் இல்லை. மாரக்காள் எழுந்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒறம்பரையை மருந்து வச்சு அனுப்பற ஊடு இந்தச் சந்துல இதான் மொதலு" என்றாள். பொரிகடலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு சனம் கலைந்தது. செங்கோடன் டீக்கடைக்குப் போய் மூன்று தடவை டீ கேட்டான். ராக்கியண்ணன் பாவாயி பக்கம் திரும்பினான்.

பாவாயி மட்டும் அந்த மௌனத்தை நம்பவில்லை. தறி நின்றால் சந்து அமைதியாகத்தான் இருக்கும். அதற்காகத் தறியைக் கழற்றி விற்றுவிட்டார்கள் என்று எவளாவது நினைப்பாளா? கரண்டு வந்தால் நாடா தானாக அடிக்கும்.

கொஞ்ச நாளில் ஒன்றைப் பார்த்தாள். குளியலறை ஓரத்தில் அவன் ஒன்றுக்கிருக்கிற வெள்ளைக் கல் மாத்திரையால் சிவப்பேறிக் கிடந்தது, இப்போது வெளுத்துவிட்டது. நேரே போய், செங்கோடன் தறிக்குக் கீழே பஞ்சு சேர்கிற குழிக்குள் கையை விட்டாள். பஞ்சுக்குள் பொதிந்து, கோழி முட்டையை அடைகாக்க வைத்தது போல, பத்தொன்பது நாள் மாத்திரை இருந்தது.

அவனிடம் கேட்டாள். அவன் உதட்டை அசைத்தான். "நல்லாத்தான இருக்கறேன் பாவாயி. அந்தத் தாலாட்டு... நமக்குன்னு ஒண்ணுமில்லாத ஊட்டுல ஒரு சத்தம் இருந்துச்சில்ல?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் இருமினான். தறியில் ஓடிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியின் மேல், ஒரு கை அகலத்துக்கு, செம்பருத்திப் பூவைப் பிய்த்துப் போட்டாற்போல ரத்தம் விழுந்தது. தறிக்கு என்ன தெரியும்? அது அந்த ரத்தத்தையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு ஓடிற்று. பாவாயிதான் எட்டி நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ரோசலின் நர்சம்மா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மறுபடி மொதல்ல இருந்து ஆறு மாசம். உள்ள குடியிருக்கறவன் அரைவயித்துக்கு மருந்து தின்னான்னா, பொறவு அந்த மருந்தையே சோறாக்கிக்குவான், அப்ப எங்கிட்ட வேற மருந்து கேக்காதீங்க. இன்னொரு தடவை விட்டா ஆளு இல்ல" என்றார், விரலைப் பாவாயி முன்னால் நீட்டி.

மறுநாள் கரண்டு இல்லாத நாள். செங்கோடன் கண்ணயர்ந்திருந்தான். பாவாயி அவன் நெஞ்சில் காதை வைக்காமல் வாயை வைத்தாள். "ஆருங்க உள்ளே?" என்றாள். "ஊருப் பெரியவங்க ஆராச்சும் இருந்தாப் பேசோணும்."

கொஞ்ச நேரம் கழித்து அந்த வயசான குரல் வந்தது. "நாந்தானுங்க அம்மிணி. சொல்லுங்க."

"நீங்க போயிருங்க."

"எங்கீங்க அம்மிணி போவோம்? இன்னொரு நெஞ்சுக்குத்தான் போவோணும். அங்கயும் ஒருத்தி இருப்பா, உங்களாட்டம்." குரலில் பொய் இல்லை. "நாங்க ஆரையும் கொல்லோணும்னு வரலீங்க. பசிக்குதுங்க, திங்கறோம். புள்ள பெறக்குது, சொவத்தத் தள்ளிப் போடறோம். ஊடு இடியுதுன்னு எங்களுக்கென்னங்க தெரியும்? உங்க மாத்திரையில முழிச்சிருந்தவங்கெல்லாம் போயிட்டாங்க. மிச்சப்பேரு மதிலுக்குள்ள தூங்கறாங்க. தூங்கறவனை உங்க மருந்து ஒண்ணும் பண்ணாதுங்க. அவனவன் எந்திரிக்கறப்போ எந்திரிப்பான்." பிறகு கூச்சத்தோடு சொன்னார்: "ஒறம்பரை ஒறம்பரைங்கறாங்க வெளியே. ஆனா எங்களை வாங்கன்னு ஒருத்தரும் கூப்பிடலீங்க. கூப்பிடாத ஊட்டுல குந்தியிருக்கறது எங்களுக்கும் ஒரு மாதிரிதான் அம்மிணி இருக்குது."

பாவாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பந்தி போட்டாயிற்று என்று பொதுவாகச் சொன்னால் ஒருத்தன் எழுந்து வரமாட்டான். கையைப் பிடித்து, பேரைச் சொல்லி, முறையைச் சொல்லி, மாமா வாங்க, பங்காளி வாங்க என்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டால், தூங்குகிறவன்கூட எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு வந்துவிடுவான். பாவாயி எத்தனை கல்யாணத்தில் அப்படி ஓடி ஓடிக் கூப்பிட்டிருக்கிறாள்!

புருசனை எழுப்பினாள். "ஏனுங்க, இத்தன நாள் ஒறம்பரை இருக்கறாங்களே, ஒரு நாளாச்சும் நாம எலை போட்டிருக்கறமா?"

செங்கோடன் அவளை வெகுநேரம் பார்த்தான். மெலிந்தவன்தான், முட்டாள் இல்லை. "எலையில என்ன வெப்ப, பாவாயி?"

"மூணு மாத்திரை."

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் எழுந்து போய்ச் சுவருக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"அவங்க சத்தத்தக் கேக்க ஊரே வந்துச்சு. உங்க பேச்சக் கேக்கறது நான் ஒருத்திதான். இருவத்திரண்டு வருசமா காதால இல்ல, உங்க ஒதட்டப் பாத்து. அது அசையறது நின்னுட்டா, எனக்கு இந்தச் சந்துல என்னங்க கேக்கும்? தறியா?"

கரண்டு இல்லாத அந்த நாளில், சந்தே கேட்கிற மாதிரி அழுதான் செங்கோடன். அவன் குரல் வாசலைத் தாண்டிப் போனது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டிலிருந்து மாரக்காள் ஓடிவந்து, நடந்ததைக் கேட்டு, தறியிலிருந்து வெட்டி வைத்திருந்த அந்த ரத்தத் துணியைப் பார்த்து, தன் வீட்டுக் கொல்லைக்குப் போய் வாழையிலை அறுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து, தறிக்கு முதலாளி மோட்டார் போடுவதற்கு முன்னால், விடிகிற நேரத்தில், செங்கோடன் வீட்டில் தினமும் பந்தி. வாழையில் துண்டாய் நறுக்கிய ஏட்டு இலை, அதில் தண்ணீர் தெளித்து மூன்று மாத்திரை. பாவாயி அவன் நெஞ்சருகே குனிந்து, "மாமா, எந்திரிங்க, எலை போட்டாச்சு. சின்னம்மிணி, கொழந்தையத் தூக்கிட்டு வாங்க, இங்க எடமிருக்குது" என்று கூப்பிடுவாள். நாலைந்து நாளில் சந்தும் சேர்ந்துகொண்டது. ராக்கியண்ணன் டீ ஆற்றுகிற கையோடு வந்து, "பங்காளி, நீங்க வராம நான் கடை தொறக்க மாட்டேன்" என்பான். மாரக்காள் உள்ளே கோபித்துக்கொண்டு படுத்திருக்கிற சம்பந்திகளைச் சமாதானப்படுத்துவாள். உள்ளே மதில் கதவு திறக்கிற சத்தம், சோம்பல் முறிக்கிற சத்தம், "கூப்பிட்டாங்களா? மொறை சொல்லிக் கூப்பிட்டாங்களா?" என்று சந்தோசமாகக் கேட்டுக்கொண்டு வருகிற காலடிச் சத்தம். செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவான். விழுங்கிவிட்டு, எழவு கேட்டவன்போலக் கொஞ்ச நேரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பாவாயியும் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு கூட உட்கார்ந்திருப்பாள். வந்தவர்கள் கெட்டவர்கள் என்று அந்த வீட்டில் ஒருநாளும் ஒருத்தரும் சொல்லவில்லை.

ஐப்பசி போயிற்று, தை போயிற்று, பங்குனியும் வந்தது. வெள்ளைக் கல் நன்றாகச் சிவந்து கிடந்தது. அரைஞாண் கயிறு இருந்த இடத்துக்கு ஏறி, அதற்கு மேலும் இறுக்கிப் பிடித்தது. பந்திக்கு வருகிற காலடி நூறு, பத்து, நாலு என்று குறைந்து, கடைசி நாளன்று ஒரே ஒரு காலடி வந்து, மதில் வாசலிலேயே நின்றுவிட்டது.

"வாங்க பெரியவரே" என்றாள் பாவாயி.

"போனவங்க ஒருத்தரும் திரும்பி வரலீங்க அம்மிணி" என்றது அந்தக் குரல்.

பாவாயி இலையில் தெளித்திருந்த தண்ணீரை விரலால் வழித்தாள்.

"எனக்குத் தெரியுங்க. மூணாம் நாளே தெரியும்" என்றார் அவர். "இருந்தாலும் மொறை சொல்லிக் கூப்பிட்டப்போ, போகாதீங்கடான்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. அப்படி ஆரும் கூப்பிட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. கடைசிப் பந்தியில ஊட்டுக்காரங்களும் கூட உக்காரறதுதான மொறை? நீங்க உக்காருங்க, நானும் வர்றேன்."

மாரக்காள், "அம்மிணி, இது சாவுப் பந்தி, நீ வேண்டாம்..." என்று கையைப் பிடித்தாள். பாவாயி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு இன்னோர் இலை போட்டு, செங்கோடனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நர்சம்மா தந்த தன்னுடைய மாத்திரையை இலையில் வைத்தாள். முதலில் அவள் விழுங்கினாள். தன் நெஞ்சைத் தொட்டு, அங்கே யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் சேர்த்து, "சாப்பிடுங்க" என்றாள். அதைப் பார்த்துவிட்டுச் செங்கோடன் தன்னுடைய மூன்றையும் விழுங்கினான்.

அவள் குனிந்து அவன் நெஞ்சில் காதை வைத்தாள். யாரோ மெதுவாக வந்து உட்காருவது கேட்டது. கொஞ்ச நேரம் சென்று, ஏப்பம் விடுவது கேட்டது.

"வயிறு நெறஞ்சுதுங்க அம்மிணி. அப்பப் போயிட்டு வரட்டுங்களா?"

அந்தச் சந்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பதில் பாவாயி உதட்டு நுனி வரைக்கும் வந்தது, செங்கோடன் பார்த்தான். அவள் அதை விழுங்கிக்கொண்டாள். இந்த ஆறு மாசமும், நாளைக்கு இன்னும் நாலு பேர் வரட்டும் என்று, தினமும் இலையைத் தன் பக்கமாகவே மடித்து எடுத்தவள், அன்றைக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு இரண்டு கையாலும் இலையைப் பிடித்து, எழவு வீட்டில் இனி இப்படியொரு சோறு இந்த வீட்டில் வேண்டாம் என்று மடிப்பார்களே, அதுபோல எதிர்ப்பக்கமாக மடித்து, மடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.